சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்



எங்கள் வீட்டில் ஒரு மண்கெண்டி இருந்தது. என் தாயார் அதில் நீர் நிரப்பி வைத்துத்தான் ஒளூச் செய்வார்கள். சேலத்துக் கோடையில் குழாய் நீர் கையைச் சுடும். கெண்டி நீரோ குளிர்ந்திருக்கும். அதன் மூக்கு வழியே நீர் மெல்லிய இழையாக விழும். ஒரு கெண்டி நீர் இருவருக்குப் போதும். வீண்விரயமின்றி ஒளூச் செய்ய அதைவிடப் பொருத்தமான பாத்திரத்தை நான் கண்டதில்லை.

தாயார் வஃபாத்தான பின் வீட்டுச் சாமான்களை நானும் என் தம்பியும் பங்கிட்டுக் கொண்டோம். கெண்டியைத் தம்பி கேட்டான். மூத்தவன் என்ற உரிமையில் நான் கொடுக்க மறுத்துவிட்டேன். அற்பப் பொருள்தான், ஆனால் அற்பப் பொருள்களில்தானே குடும்பங்கள் பிரிகின்றன! அதன்பின் நாமக்கல்லில் உள்ள அவன் வீட்டிற்கு நான் போவதும், சேலத்திலுள்ள என் வீட்டிற்கு அவன் வருவதும் குறைந்து, பெருநாள் ஸலாம் மட்டுமே மிஞ்சியது. எங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது உறவில் மூத்தவர் ஒருவர், "அவர்கள் சுட்ட மண்ணும் பச்சை மண்ணும், ஒட்ட மாட்டார்கள்" என்று சொன்னதாக என் காதுக்கு எட்டியது.

சென்ற ஆண்டு என் கைதவறி அந்தக் கெண்டி விழுந்தது. வயிறு தப்பியது, மூக்கு உடைந்தது. சிமெண்டு வைத்துப் பார்த்தேன், கசிந்தது. கடைப் பசை வைத்துப் பார்த்தேன், ஒரு வாரம் தாங்கிப் பின் விட்டுவிட்டது. செய்தவர்களிடமே கேட்போம் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த குயவர் எவருமில்லை, தம்பிக்குத் தெரியும். தொலைபேசியை எடுக்க இரண்டு நாள் தயங்கினேன். விவரம் சொல்லாமல், "ஒரு குயவரைப் பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். "வாங்கண்ணே, கூட்டிப் போறேன்" என்றான்.

அந்தப் பயணத்தில் நான் கண்டதையே உங்களுக்கு எழுதுகிறேன். இது பானையைப் பற்றிய கட்டுரையன்று. பானையின் மேல் ஆடைபோல் படிந்திருந்தும் நம் கண்ணில் படாத மண்கரைசலைப் பற்றியது.

மண் பிறக்கும் சமவெளி

சேலத்திலிருந்து நாமக்கல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தவை. நிலத்தின் குணம் இன்றும் ஒன்றுதான்.

சேலம் நகரின் வடபுறம் சேர்வராயன் மலையடிவாரத்தில் வெண்திட்டுகளாகத் தெரியும் குன்றுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அதை உள்ளூரார் வெள்ளைக்கல் என்பர். பார்வைக்குச் சுண்ணாம்பு போலிருந்தாலும் அது சுண்ணாம்பன்று. மக்னசைட் என்னும் கனிமம். எஃகு உலைகளின் உட்சுவருக்குரிய நெருப்புச் செங்கல் அதிலிருந்து செய்யப்படுகிறது. தென்மேற்கே கஞ்சமலையின் பாறைகளில் இரும்புத் தாது உண்டு. இச்சமவெளிச் செம்மண்ணின் சிவப்பும் இரும்பு கொடுத்த சிவப்பே.

மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று பேருந்து தெற்கே போகப் போக, இடப்புறம் போதமலையும் அதன்பின் கொல்லிமலையும் உடன் வரும். இருமருங்கிலும் செம்மண் புன்செய். இடையிடையே பாறைக் கரடுகள். தாழ்ந்த இடங்களில் ஏரிகள். சேர்வராயன் மலைப் பக்கம் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரை ஊடறுத்து இச்சமவெளி வழியே சென்று நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது.

களிமண்ணுக்குத் தாய் பாறைதான். இந்தப் பகுதியில் வெட்டி எடுக்கப்படும் ஃபெல்ஸ்பார் போன்ற கற்கள் நெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் கிடந்து சிதைந்தால் களிமண் உண்டாகிறது. மழைநீர் அதை வாரிக்கொண்டு போய் ஏரியில் சேர்க்கிறது. கனத்த மணல் நீர் நுழையும் இடத்திலேயே தங்கிவிட, நுண்ணிய களி நீரோடு மிதந்து சென்று அமைதியான ஆழத்தில் மெல்லப் படிகிறது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். குயவர் தம் முற்றத்தில் ஒரு தொட்டியில் செய்வதும் இதையேதான்.

குயவர் வீட்டு முற்றம்

நாமக்கல்லில் இறங்கியபோது, ஒரே பாறையாக எழுந்து நிற்கும் கோட்டையின் நிழல் கமலாலயக் குளத்தின் பக்கம் விழுந்திருந்தது. தம்பி வண்டியோடு காத்திருந்தான். அவன் லாரித் தொழிலில் இருப்பவன். மோகனூர்ச் சாலையில் பாதி வழியில் பிரிந்து ஒரு சிற்றூருக்குச் சென்றோம். வழியில் பேசியது மழையைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் மட்டுமே.

குயவர் எழுபதை நெருங்கியவர். சக்கரம் இப்போது மின்சாரத்தில் சுழல்கிறது. வனைதல் அவர் பணி. பூச்சும் மெருகும் அவருடைய மனைவியின் பணி. நான் பையிலிருந்து கெண்டியையும் உடைந்த மூக்கையும் எடுத்து வைத்தேன். அப்போதுதான் தம்பி அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக் கொண்டான்.

"பச்சை மண்ணைக் குழைத்து வைத்து ஒட்டி, மறுபடி சூளையில் வைக்க முடியுமா ஐயா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதுங்க பாய். பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

எனக்கும் தம்பிக்கும் அந்தச் சொல் எங்கே பட்டிருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்!

பழமொழி உண்மையே என்று பின்னர் விளங்கிக் கொண்டேன். பச்சைக் களிமண் நீரில் கரையும். காய்ந்தாலும் மீண்டும் கரையும். ஆனால் ஏறத்தாழ 500, 600 டிகிரி செல்சியஸ் சூட்டைக் கடந்துவிட்டால் களிமண்ணின் அமைப்பிலேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அது மண்ணன்று, கல்லின் இனம். எத்தனை நாள் ஊற வைத்தாலும் குழையாது. அதன்மேல் பச்சை மண்ணை ஒட்டினால், பச்சை மண் காயும்போது சுருங்கும். சுட்ட மண் சுருங்காது. ஒன்று சுருங்க, மற்றொன்று அசையாதிருந்தால் நடுவில் வெடிப்புத்தான்.

"புதுசா ஒண்ணு செய்யலாமுங்க" என்றார் பெரியவர். அவருடைய மனைவி உடைந்த கெண்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "நல்ல பூச்சு. மூணு தரம் வடிகட்டின காவி" என்றார். தாயாரின் கைபட்ட அந்தச் சிவப்பு வழவழப்பை அத்தனை ஆண்டுகளாக வெறும் பானையின் நிறம் என்றே நான் எண்ணியிருந்தேன்.

தெளியவிடுதல்

அவர் செய்து காட்டியதைச் சொல்கிறேன். பானைக்கு ஏரிக் களிமண். பூச்சுக்கு வேறு மண். இரும்புச் சத்து மிகுந்த நுண்ணிய செம்மண்ணைத் தேர்ந்து, தொட்டியில் ஊற வைத்துக் கையால் கரைக்கிறார். கரைத்த உடனே பயன்படுத்துவதில்லை. சற்றுநேரம் விட்டால் மணலும் குறுணியும் அடியில் இறங்குகின்றன. மேலே நிற்கும் கலங்கலை மட்டும் துணியில் வடித்து வேறு பாத்திரத்தில் ஊற்றுகிறார். அதை மறுபடி விட்டு மறுபடி வடிக்கிறார். கடைசியில் ஓர் இரவு அசையாமல் வைத்தால் நீர் தெளிந்து மேலே நிற்கும்; அடியில் வெண்ணெய் போன்ற செங்குழம்பு படிந்திருக்கும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு அந்தக் குழம்பை மோர்ப் பதத்திற்குக் கலக்கி எடுக்கிறார். விரலை முக்கி எடுத்தால் நகம் மறைய வேண்டும். ஆனால் ரேகை தெரிய வேண்டும். அதுவே அவருடைய அளவுகோல்.

பூசுவதற்கும் காலம் உண்டு. ஈரப் பானையில் பூசினால் வழிந்துவிடும். நன்கு காய்ந்த பானையில் பூசினால் பூச்சு மட்டும் சுருங்கிச் செதிலாக உரியும். பானை பாதி உலர்ந்து, விரல் அழுத்தினால் பள்ளம் விழாமலும், உள்ளே ஈரம் இன்னும் இருக்கும்படியும் உள்ள பதத்தில் பூச வேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்து காய்ந்து, சேர்ந்து சுருங்கி, சூளையில் ஒன்றாகிவிடும். பூச்சு சற்று இறுகியதும் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார். நுண்துகள்கள் ஒரே சீராகப் படுத்துக்கொள்ள, மேற்பரப்பு பளபளக்கிறது, நீர்க்கசிவும் குறைகிறது.

சூளைக்குள் காற்று தாராளமாகப் போனால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். காற்றை அடைத்துப் புகை மூட்டினால் அதே மண் கறுக்கும். கறுப்புச் சட்டிக்கும் சிவப்புப் பானைக்கும் வேற்றுமை பெரும்பாலும் நெருப்பின் வழியில்தான்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. வெள்ளைக்கல் துண்டொன்றைப் பொடித்துப் பொட்டலமாகக் கொண்டு போயிருந்தேன். "இதைக் கரைத்து வெள்ளைக் கோடு போடலாமா?" என்று கேட்டேன். அந்த அம்மையார் ஒரு சிரட்டையில் கரைத்துக் காட்டினார். பொடி நொடியில் அடியில் இறங்கிவிட்டது. விரலில் தடவினால் காய்ந்ததும் தூளாக உதிர்ந்தது. "வெள்ளையா இருந்தா மட்டும் போதுமுங்களா? பசை வேணுமே!" என்றார். களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். நீரை இடையில் பிடித்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் படிபவை. கல்பொடிக்கு அந்தக் குணம் இல்லை. வெள்ளைக் கோட்டிற்கு வெண்களிமண்தான் வேண்டும்.

ஈராயிரம் ஆண்டுப் பூச்சு

கரைசல் தெளியும் வரை திண்ணையில் அமர்ந்திருந்தோம். கல்லூரியில் நான் வரலாறு படித்தவன். அந்த முற்றத்தில் கண்ட தொட்டி எனக்கு வேறொரு முற்றத்தை நினைவூட்டியது.

இச்சமவெளியும் சேர்ந்தது கொங்கு நாடு. அதன் மேற்கில், ஈரோடு மாவட்டம் சென்னிமலைக்கு அருகே நொய்யலாற்றின் வடகரையில் கொடுமணல் என்னும் ஊர் இருக்கிறது. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இதுவே என்பர். 1985ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கு அகழாய்வு நடத்தியது. இரும்பு உருக்கியதற்கும் மணிகள் செய்ததற்கும் சான்றுகள் கிடைத்தன. தமிழ் எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றோடு கிடைத்த ஒருவகை ஓடுகளை ஆய்வாளர் ரசட் பூச்சுப் பானை என்பர். செம்பழுப்பு நிறத்திற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. வெண்களிமண் கரைசலால் கோடுகள் வரைந்து, செங்காவி பூசிச் சுட்ட பாண்டங்கள் அவை. ஈராயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் கோடும் பூச்சும் உதிரவில்லை. நம் நாட்டுப் பெண்டிர் மூன்று தரம் வடிகட்டுவது நேற்று வந்த பழக்கமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இனி நம் சமுதாயத்து வரலாற்றிலும் இதே கரைசலைப் பாருங்கள். ஈரான் நாட்டின் குராசான் பகுதியில் நிஷாப்பூர் என்னும் நகரம். கவிஞர் உமர் கையாம் 1048இல் பிறந்த ஊர். அங்கே 1935 முதல் 1940 வரையிலும், மீண்டும் 1947இலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தார் அகழாய்வு செய்தனர். சாமானிய அரசர் காலத்தைச் சேர்ந்த 10ஆம் நூற்றாண்டுக் கிண்ணங்களும் தட்டுகளும் கிடைத்தன. சமர்க்கந்திலும் இவ்வகை உண்டு. அன்று சீனத்து வெண்பீங்கானுக்கு மதிப்பு மிகுதி. நிஷாப்பூர்க் குயவர்களுக்குக் கிடைத்ததோ நிறம் மங்கிய செம்மண். அவர்கள் வெண்களிமண் கரைசலைக் கலம் முழுதும் பூசிப் பால்போன்ற வெண்மையாக்கினார்கள். அதன்மேல் கருநிறக் கரைசலால் கூஃபி எழுத்தில் கலத்திற்கு உடையவரை வாழ்த்தும் சொற்களையும், கொடையையும் பொறுமையையும் போற்றும் முதுமொழிகளையும் எழுதினார்கள். மேலே கண்ணாடிபோன்ற ஈய மெருகிட்டுச் சுட்டார்கள். வெறும் சாயத்தால் எழுதினால் மெருகு உருகும்போது எழுத்தும் கலைந்து ஓடிவிடும். சாயத்தைக் களிமண் கரைசலில் கலந்து எழுதியதால் எழுத்து நின்ற இடத்தில் நின்றது. ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்த எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்பதால் என்னை மிகவும் தொட்டது வேறொன்று. மலபார் மாப்பிள்ளைமாரின் பழைய ஓத்துப்பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தாளும் சிலேட்டும் இல்லை. மரப்பலகையின் மேல் சேடிமண் என்னும் வெண்மண்ணைக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் மூங்கில் பேனாவால் மைதொட்டு எழுதினார்கள். பாடம் மனனமானதும் பலகையைக் கழுவி, மீண்டும் மண் பூசி, அடுத்த பாடம். மொரோக்கோ நாட்டுக் குர்ஆன் பள்ளிகளிலும் இம்முறை உண்டு. அங்கே பலகைக்குப் பூசும் மண்ணின் பெயர் ஸல்ஸால். அந்தச் சொல்லை நீங்கள் அறிவீர்கள். மனிதனின் படைப்பைப் பற்றிக் கூறும் அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 14ஆம் வசனத்தில் நாம் ஓதுவது அதே சொல்தான்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி வாய் திறந்தான். விருத்தாசலத்திலிருந்து பீங்கான் சரக்கு ஏற்றி வந்த அனுபவம் அவனுக்கு உண்டு. அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகள் செய்வதைப் பார்த்திருக்கிறானாம். "அங்கே சக்கரமே இல்லைண்ணே. மண்ணைப் பால்மாதிரி கரைச்சு அச்சுல ஊத்துறாங்க" என்றான். அச்சு பாரிஸ் சாந்தினால் ஆனது. அது நீரை உறிஞ்சும். நீர் வற்ற வற்ற அச்சின் உட்சுவரில் களிமண் தோல்போலப் படிகிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்து ஊற்றிவிட்டால் உள்ளீடற்ற பொம்மை கிடைக்கிறது. தண்ணீரை அதிகம் சேர்த்தால் பொம்மை காயும்போது வெடிக்கும். ஆகையால் சோடியம் சிலிக்கேட் போன்ற ஒரு சரக்கைச் சிறிதளவு கலந்து, குறைந்த நீரிலேயே கரைசல் ஓடும்படி செய்கிறார்கள். அவன் ஆர்வத்தோடு விவரிக்க, நான் கேட்டுக் கொண்டிருந்தேன். பல ஆண்டுகளுக்குப் பின் அவன் பேசி நான் கேட்டது அன்றுதான்.

ஒரே ஈரம்

பெரியவர் கெண்டியின் வயிற்றை வனைந்து நிழலில் வைத்தார். மூக்கைத் தனியே உருட்டி அதனருகில் வைத்தார். "ஏன் உடனே ஒட்டக் கூடாது?" என்று கேட்டேன். அம்மையார்தான் பதில் சொன்னார்: "ரெண்டும் ஒரே ஈரத்துக்கு வரணுமுங்க. ஒண்ணு காஞ்சு ஒண்ணு ஈரமா இருந்தா, ஒட்டின மாதிரி இருக்கும், சூளையில விட்டுரும்."

மாலையில் அதைச் செய்தார்கள். வயிற்றில் துளையிட்டு, அதன் ஓரத்தையும் மூக்கின் அடியையும் சீப்புப் பல்லால் கீறினார்கள். கீறிய இடத்தில் கெண்டி மண்ணையே கரைத்த குழம்பைத் தடவி, அழுத்தி, ஈரத்துணியால் தடம் தெரியாமல் நீவினார்கள். இரும்பை இணைக்க ஆணி. மரத்தை இணைக்க வச்சிரம். மண்ணை மண்ணோடு இணைக்க மண்ணையன்றி வேறு பசை இல்லை.

ஈரம் என்ற சொல்லுக்கு நம் தமிழில் அன்பு என்றும் ஒரு பொருள் உண்டு. நான் அதை அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை.

விடைபெறும்போது தயங்கியபடி, "உடைந்த கெண்டியை என்ன செய்வது?" என்று கேட்டேன். எறிந்துவிடுங்கள் என்பார் என எதிர்பார்த்தேன். பெரியவர் அதை எடுத்தார். சிமெண்டும் பசையும் பட்ட பகுதியைத் தட்டி நீக்கினார். "பொடிச்சுச் சலிச்சு அடுத்த மண்ணுல கலந்துக்கலாமுங்க. சுட்ட பொடி கலந்தா மண்ணு அதிகமாச் சுருங்காது; வெடிப்பு விழாது" என்றார்.

நான் திகைத்துப் போனேன். "ஒட்டாது என்றீர்களே?"

"முழுசா இருந்தா ஒட்டாதுங்க. பொடிஞ்சா சேரும்."

தம்பி என்னைப் பார்த்தான். "அப்படின்னா அந்த மண்ணுல ரெண்டு கெண்டி போடுங்க" என்றான்.

இல்லத்தரசியருக்குச் சில சொற்கள்

மண்பாண்டத்தின்மீது இப்போது மறுபடியும் விருப்பம் வந்திருக்கிறது. ஆனால் சந்தையில் எல்லாச் சிவப்பும் காவியன்று. சுட்டு எடுத்தபின் சிவப்புப் பெயிண்ட் அடித்த சட்டிகளும் கலந்து வருகின்றன. அலங்காரத்திற்கு அது ஆகலாம். சமையலுக்கும் குடிநீருக்கும் ஆகாது. கண்டறிவது எளிது. ஒரு துளி நீரை வெளிப்புறத்தில் விடுங்கள். மண்கரைசல் பூசிய மெருகற்ற பானை நீரை மெல்ல உறிஞ்சும். பெயிண்ட் அடித்ததில் துளி முத்துப்போல் நிற்கும். நகத்தால் கீறினால் பெயிண்ட் தோலாக உரியும். சூளையில் வெந்த பூச்சு உரியாது. நீர் தெளித்து முகர்ந்தால் ஒன்றில் மழைமண் வாசம். மற்றொன்றில் கடைச் சாய வாசம்.

கண்ணாடி மெருகிட்ட வண்ணப் பாத்திரங்களிலும் கவனம் தேவை. நிஷாப்பூர் கிண்ணங்களின் மெருகில் இருந்த ஈயம் நஞ்சு என்பதை இன்று அறிவோம். எங்கே செய்ததென்று தெரியாத பாத்திரத்தில் புளிக்குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் வைக்காதீர்கள். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும்.

இன்னொன்று. குயவர்களுக்கு மண் கிடைப்பதே நெடுநாள் இடராக இருந்தது. ஏரியில் மண் எடுக்கப் பல படிகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. 2024ஆம் ஆண்டு தமிழக அரசு விதிகளைத் திருத்தி, உழவரும் மண்பாண்டத் தொழிலாளரும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி ஏரி, குளங்களின் மண்ணை எடுக்க வழி செய்தது. மண் கிடைத்தால் மட்டும் போதாது, வாங்குவோரும் வேண்டும். நோன்புக் கஞ்சிக்குக் கலயமும், வீட்டு முற்றத்துக்குத் தண்ணீர்ப் பானையும், ஒளூவுக்குக் கெண்டியும் நம் இல்லங்கள் கேட்டு வாங்கினால் மூன்று தரம் வடிகட்டும் அந்தக் கைகளுக்கு வேலை இருக்கும். அவர் வீட்டுப் பிள்ளைகள் எவரும் இத்தொழிலுக்கு வரவில்லை என்று பெரியவர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார்.

இரண்டு கெண்டிகள்

ஒரு மாதம் கழித்துத் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. மறுபடியும் அதே பேருந்து, அதே செம்மண், அதே மலைகள். இம்முறை அவன் வீட்டில் இறங்கி, அவன் மனைவி மக்களோடு பகலுணவு உண்ட பின்னரே குயவர் வீட்டிற்குப் போனோம்.

சூளை பிரித்துச் சாம்பல் ஆறியிருந்தது. இரண்டு கெண்டிகளையும் பெரியவர் திண்ணையில் வைத்தார். ஒன்று சற்றுக் கருஞ்சிவப்பு, மற்றொன்று இளஞ்சிவப்பு. சூளையில் இருந்த இடத்தைப் பொறுத்து அப்படி வருமாம். விரலால் சுண்டிப் பார்த்தார்; இரண்டும் கணீரென்று ஒலித்தன. தாயாரின் கெண்டி இரண்டிலும் இருந்தது. எதிலும் தனியே தெரியவில்லை.

"உனக்கு எது வேண்டும்?" என்று தம்பியைக் கேட்டேன். "நீங்க எடுங்கண்ணே" என்றான். நான் எடுக்கவில்லை. அவன் எடுத்த பின்னரே மற்றதை எடுத்துக்கொண்டேன்.

அஸர் நேரம் ஆகியிருந்தது. குயவர் வீட்டுக் கிணற்றடியில் புதுக் கெண்டி இரண்டையும் நிரப்பினோம். புதுமண் சற்று நேரம் நீரைக் குடித்தது, வெளிப்புறம் வியர்த்தது, பிறகு அடங்கியது. தம்பி தன் கெண்டியைச் சாய்த்து என் கைகளில் நீர் வார்த்தான். பின் நான் அவனுக்கு வார்த்தேன்.

வாசகர்களே! உங்களிலும் எவரேனும் ஓர் உடன்பிறப்பின் வாசலை மிதித்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஒட்டாது என்று ஊர் சொல்லியிருக்கலாம். ஊர் சொன்ன பழமொழியின் மறுபாதியை மோகனூர்ச் சாலைக் குயவர் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அதை உங்களுக்கு எத்தி வைப்பது என் கடமையென்று எண்ணி இதை எழுதினேன். வல்ல இறைவன் நம் உறவுகளைச் சேர்த்து வைப்பானாக!